நற்சான்றுக் கடிதத்தில் சிக்கிய ஒரு சொல்

சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் வகுப்பில் படித்த எஸ்பிஎம் (மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) மாணவிக்கு உபகாரச் சம்பள விண்ணப்பம். நற்சான்றுக் கடிதத்தை ஆங்கிலத்தில் நான் எழுத வேண்டும். அவளைக் கிளெவர் என்பதா, ஸ்மார்ட் என்பதா, இன்டெலிஜென்ட் என்பதா? அந்த ஒரு வரியிலேயே நாள்கணக்கில் நின்றுவிட்டேன்.

ஆங்கிலம்-தமிழ் அகராதி எல்லாவற்றுக்கும் 'புத்திசாலி' என்றது. மொழிபெயர்ப்புச் செயலியும் அதேதான். ஒத்த பொருள் தரும் சொற்களின் பட்டியலைத் திறந்தால் பிரைட், ஷ்ரூட், வைஸ் என இன்னும் பல சொற்கள் வந்து குழப்பின.

கடைசியில் கைகொடுத்தது, ஆங்கிலம் கற்போருக்கான ஆங்கில அகராதி. பொருளை விட்டுவிட்டு, எடுத்துக்காட்டுகளில் எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று மட்டும் பார்த்தேன். பலரும் தாண்டிப்போவது அங்கிருக்கும் சிறு குறிப்புகளைத்தான். பிரைட் பெரும்பாலும் இளவயதினருக்கு. ஸ்மார்ட் என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் முதலில் நினைவுக்கு வருவது நேர்த்தியான உடை. புத்திக்கு அதை அதிகம் சொல்பவர்கள் அமெரிக்கர்கள். கிளெவரில் சில நேரம் ஒரு குத்தல் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் 'டிரிக்' அதோடு அவ்வளவு எளிதாகச் சேர்கிறது. ஷ்ரூட் வியாபாரிக்கும் அரசியல்வாதிக்கும் பொருந்தும். வைஸ் அனுபவத்தில் வருவது, 17 வயதுக்குக் கொஞ்சம் பெரிய சட்டை.

சரி, மாணவிக்கு பிரைட், அவள் கேட்கும் கேள்விகளுக்கு இன்டெலிஜென்ட் என்று முடிவானது. அப்புறம், விடை சரியாக வந்த பிறகும் வேறு வழி உண்டா என்று கேட்பவள் என ஒரு வரி சேர்த்தேன். எனக்கு அந்த வரிதான் முக்கியம். அன்று மாலையே கடிதத்தை அனுப்பிவிட்டேன்.