சுங்கை சிப்புட்டில் இருந்தபடி ஒரு ரஞ்சிப் பருவத்தை எழுதுவது எப்படி

அக்டோபர் பிறந்ததும் என் தையல் மிஷினுக்கு இடப்பக்கம் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வந்துவிடும். தீபாவளி ரவிக்கை அளவுகளுக்கு ஒரு நோட்டு, இந்திய மாநில அணிகள் மோதும் கிரிக்கெட் போட்டியான ரஞ்சிக் கோப்பைக்கு இன்னொன்று. இது அப்பா விட்டுப்போன பழக்கம். அவர் இங்கே மலேசியாவில் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. செக்ரோல் என்ற ஆள் வருகைப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆள் பெயருக்கும் நேரே முப்பத்தொரு கட்டம் இருக்கும், நாளுக்கு ஒன்று. பழசாகிப்போன செக்ரோலில் எழுதாமல் விட்ட பக்கங்களில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதி வைப்பார். திருச்சியிலிருந்து சித்தப்பா ஏர்மெயிலில் அனுப்பும் பத்திரிகைத் துண்டுகளைப் பார்த்துக் கட்டங்களை நிரப்புவார். கடிதம் வர பத்து நாள் ஆகும். 1988-ல் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு சேப்பாக்கத்தில் ரயில்வேயை வீழ்த்திக் கோப்பையை எடுத்த சேதியும் அப்படித்தான் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தது. அப்பா அந்தக் கட்டத்தைச் சுற்றி சிவப்பு மையால் வட்டம் போட்டு, "முப்பத்து மூணு வருஷம்" என்றார். அதற்கு முன் ஜெயித்தது 1954-55 பருவத்தில்.

இப்போது தம்பி மகன் பள்ளி விட்டு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் 1932-ல் லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடியவர். கிரிக்கெட் எங்கோ தூரத்து ஊர் ஆட்டம் என்று யாராவது சொன்னால் அப்பா உடனே அவர் பெயரை எடுப்பார்.

முதலில் ஒரு பக்கம் பழகுங்கள்

பருவம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரஞ்சியின் முதல் ஆட்டத்தையே எழுதிப் பாருங்கள். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸும் மைசூரும். மைசூர் 48. மெட்ராஸ் 130. மைசூர் மறுபடியும் 59. ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம். 48-ஐயும் 59-ஐயும் கூட்டினால் 107. 130-க்கு 23 குறைவு. மெட்ராஸ் இரண்டாவது தடவை ஆடவே வேண்டியதில்லை. அதனால்தான் மெட்ராஸ் "இன்னிங்ஸும் 23 ரன்னும்" வித்தியாசத்தில் ஜெயித்தது என்று எழுதுகிறோம். மெட்ராஸின் ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுத்தார், முதல் இன்னிங்ஸில் ஆறு, இரண்டாவதில் ஐந்து. சின்ன எண்கள் என்பதால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். "இன்னிங்ஸ் வெற்றி" என்றால் என்ன என்பது தம்பி மகனுக்கு இந்தப் பக்கத்தில்தான் புரிந்தது. நான் அதற்கு முன் மூன்று தடவை வாயால் சொல்லியும் புரியவில்லை.

ஒரு குழு போதும்

ரஞ்சியில் 38 அணிகள். அவற்றில் 32 மேல்மட்டமான எலைட் பிரிவில், எட்டெட்டாக நான்கு குழுக்கள். மீதி ஆறும் கீழ்மட்டமான பிளேட் பிரிவில். எல்லாவற்றையும் எழுதப் புறப்பட்டால் இரண்டாவது வாரத்தில் நோட்டை மூடிவிடுவீர்கள், நானே பார்த்திருக்கிறேன். மனசுக்குப் பிடித்த ஒரு அணியை எடுத்து, அது இருக்கும் குழுவை மட்டும் எழுதுங்கள். ஓர் அணிக்கு ஏழு லீக் ஆட்டம், குழு முழுவதற்கும் 28. உங்கள் அணியின் ஏழு ஆட்டத்துக்கும் தலா இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மற்ற 21 ஆட்டத்துக்கும் தலா இரண்டு வரி போதும், முடிவும் பாயிண்டும்.

2024-25 முதல் பருவத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அக்டோபர், நவம்பரில் ஐந்து சுற்று. பிறகு டி20, ஒருநாள் போட்டிகளுக்காக இடைவெளி. ஜனவரியில் மீதி இரண்டு சுற்று, அதன்பின் காலிறுதி. நோட்டிலும் ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம் விடுங்கள். அதில் பாதிப் பருவத்தின் கணக்கை எழுதலாம். இரண்டு மாதம் கழித்து நோட்டைத் திறக்கும்போது அந்தப் பக்கம் இல்லாவிட்டால் திரும்பவும் தலையும் வாலும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நம் கடிகாரத்துக்கு ஏற்ற ஆட்டம்

இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி கூட்டினால் நம் மலேசிய நேரம். அங்கே காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே சரியாகப் பன்னிரண்டு மணி. நமக்கு இரண்டு மணிக்கு உணவு இடைவேளை. நாலு நாற்பதுக்குத் தேநீர் இடைவேளை, பசங்க பள்ளி விட்டு வந்து மைலோ குடித்து முடித்திருப்பார்கள். ஏழு மணிக்கு ஸ்டம்ப்ஸ், அதாவது அன்றைய ஆட்டம் முடிவு, சாமி விளக்கு ஏற்றும் நேரம். கவுகாத்தி, அகர்தலா பக்கம் பொழுது சீக்கிரம் சாய்வதால் அங்கே ஆட்டம் முன்னதாகவே தொடங்கும். வடக்கே ஜனவரியில் மூடுபனி விழுந்தால் தாமதமாகும். அந்த நாட்களில் பன்னிரண்டு மணிக்கு எண் வரவில்லை என்று பதற வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எனக்கு இரவு பதினொன்று வரை தையல் இருக்கும். அப்போதும் நோட்டு விடுபடுவதில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் மூன்று எண் மட்டும் எழுதுகிறேன்: ரன், விக்கெட், ஓவர். ஒரு நாளைக்கு மூன்று தடவை, மொத்தம் ஒன்பது எண். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒன்பது எண்ணை நாலு நாள் வரிசையாகப் பார்த்தால் ஆட்டம் எங்கே திரும்பியது என்று தெரிந்துவிடும். மதிய இடைவேளையில் 92-க்கு 1 (92 ரன், ஒரு விக்கெட்), தேநீரில் 140-க்கு 6 என்றால், நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்கத் தோன்றும். அந்தத் தேடலில்தான் ருசி.

80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து எடுக்கலாம். அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் எத்தனை விக்கெட் விழுந்தது என்று பார்த்தால் அந்த அணியின் வேகப்பந்து வீச்சு எப்படி என்று புரியும். முதல் இன்னிங்ஸ் வித்தியாசம் நாலு நாள் ஆட்டத்தில் 150, ஐந்து நாள் ஆட்டத்தில் 200 இருந்தால் ஃபாலோ-ஆன் கொடுக்கலாம், அதாவது பின்தங்கிய அணியை உடனே மறுபடியும் ஆடவைக்கலாம். அந்த எண்ணையும் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள், கடைசி விக்கெட் ஜோடி எதற்காக அப்படிக் கட்டை போடுகிறார்கள் என்பது விளங்கும்.

லீட், லீட், லீட்

ரஞ்சியை எழுதுகிறவருக்கு உயிர்நாடி முதல் இன்னிங்ஸ் லீட், அதாவது இரு அணியும் முதல் தடவை ஆடியதில் ஒன்று கூடுதலாக எடுத்த ரன். முழு வெற்றிக்கு 6 பாயிண்ட். இன்னிங்ஸ் வெற்றி அல்லது பத்து விக்கெட் வெற்றி என்றால் கூட ஒன்று, ஆக 7. நாள் முடிந்தும் வெற்றி தோல்வி இல்லாமல் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கு 3, பிந்தியவருக்கு 1. மழையால் முதல் இன்னிங்ஸே முடியவில்லை என்றால் இருவருக்கும் ஒவ்வொன்று. தோற்றவருக்குப் பூஜ்யம். தோற்றால் வெளியே போகும் நாக் அவுட்டில் ஆட்டம் டிரா ஆனால் லீட் எடுத்தவரே அடுத்த சுற்றுக்குப் போவார்.

"அத்தே, டிரான்னா சமம்தானே, இவங்களுக்கு மட்டும் ஏன் மூணு?" என்று பையன் கேட்டான். 2025 பிப்ரவரி அரையிறுதிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அகமதாபாத், கேரளாவும் குஜராத்தும். கேரளா 457, முகமது அசாருதீன் ஆட்டமிழக்காமல் 177. நாலாம் நாள் முடிவில் குஜராத் 429-க்கு 7. முந்துவதற்கு 29 ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில் இருக்கிறது. ஐந்தாம் நாள் மதியத்துக்கு மேல் நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். 455-க்கு 9. குஜராத்தின் கடைசி ஆட்டக்காரர் நாக்வாஸ்வாலா கேரளாவின் சர்வாதே வீசிய பந்தை ஓங்கி அடித்தார். பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் நின்ற கேரள கேப்டன் சச்சின் பேபியின் கைக்குப் போனது. 455 ஆல் அவுட். இரண்டு ரன் லீட். அந்த இரண்டு ரன்னில் கேரளா முதல் தடவையாக ரஞ்சி ஃபைனலுக்குப் போனது. அதற்கு முந்தைய காலிறுதியில் ஜம்மு காஷ்மீரை முந்தியது ஒரே ஒரு ரன்னில், 281-க்கு 280. என் நோட்டில் அந்த "1" என்ற எண் மூன்று தடவை பேனா ஓடித் தடித்துப் போயிருக்கிறது.

ஃபைனலில் இதே லீட் கேரளாவுக்கு எதிராகத் திரும்பியது. நாக்பூரில் விதர்பா 379, கேரளா 342. முப்பத்தேழு ரன் லீட் கையில் இருந்ததால் விதர்பா இரண்டாவது இன்னிங்ஸைத் தானாக முடித்துக்கொள்ளாமல் 375-க்கு 9 வரை ஆடியது, ஆட்டம் டிரா, கோப்பை விதர்பாவுக்கு. இதைச் சலிப்பான ஆட்டம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். 98 ரன்னில் சச்சின் பேபி அவுட்டானபோதே கோப்பை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. முதல் இன்னிங்ஸை எண் எண்ணாக எழுதியவருக்கு அது தெரியும்.

பாயிண்ட் சமமானால் கோஷண்ட் என்று ஒரு கணக்கு பார்ப்பார்கள். நாம் எடுத்த ரன்னை இழந்த விக்கெட்டால் வகுக்க வேண்டும்; கொடுத்த ரன்னை எடுத்த விக்கெட்டால் வகுக்க வேண்டும்; முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 80 விக்கெட்டுக்கு 2,400 ரன் எடுத்தால் 30. 90 விக்கெட் எடுத்து 2,250 ரன் கொடுத்தால் 25. முப்பதை இருபத்தைந்தால் வகுத்தால் 1.2. ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசியிலும் இந்த நாலு எண்ணையும் கூட்டிக்கொண்டே வந்தால் ஜனவரியில் கஷ்டம் இருக்காது.

ஒரு சுற்று முடிந்த அன்றே குழு அட்டவணையைச் சரிபாருங்கள். ஒரு வருடம் புயல் மழையில் லைன் போய்விட்டது. மறுநாள் ஒரு செயலி காட்டியதை அப்படியே நம்பி, ஒரு டிராவில் லீட் எடுத்தவரை மாற்றி எழுதிவிட்டேன். ஒருவருக்கு இரண்டு கூடி, இன்னொருவருக்கு இரண்டு குறைந்து, ஐந்தாம் சுற்று வரை குழுவின் வரிசையே தப்பாக இருந்தது. அதிலிருந்து இரண்டு அணியின் ஸ்கோரையும் நானே கழித்துப் பார்க்காமல் பாயிண்ட் எழுதுவதில்லை.

ஜனவரிக்குப் பிறகு

குழுவில் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். நாக் அவுட் ஆட்டங்கள் ஐந்து நாள், அதனால் ஆட்டத்துக்கு மூன்று பக்கம் விடுங்கள். நமக்குத் தைப்பூசமும் இதே சமயத்தில் வரும். 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11. அன்றுதான் நாக்பூரில் தமிழ்நாடு விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்றது. நான் ஈப்போ குனோங் சீரோவில் காவடிக் கூட்டத்தில் நின்றிருந்தேன். நோட்டு வீட்டில். எண்களைக் கையில் இருந்த அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து ஒட்டினேன். அந்தச் சீட்டு இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, விபூதி படிந்து. நாக் அவுட் வாரங்களில் பையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் வைத்திருங்கள்.

கடைசியாக, ஒரே ஒரு ஆட்டக்காரருக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பெரிய பெயராக வேண்டாம். 2024-25-ல் விதர்பாவின் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் ஹர்ஷ் துபே 69 விக்கெட் எடுத்தார், ஒரு ரஞ்சிப் பருவத்தில் யாரும் எடுக்காத எண்ணிக்கை. முந்தைய எண் 2018-19-ல் பீகாரின் அசுதோஷ் அமன் எடுத்த 68. அதற்கும் முன் பிஷன் சிங் பேடி 1974-75-ல் எடுத்த 64. துபே 68-ஐத் தாண்டியது ஃபைனலில். அமன் எடுத்தது பிளேட் பிரிவில் என்பதால் எனக்கு துபேயின் எண் இன்னும் கனமாகத் தெரிகிறது. அவருக்கு அக்டோபரிலேயே பக்கம் திறக்காமல் விட்டது எனக்கு இன்றும் மனக்குறைதான். ஜனவரியில் தொடங்கிப் பழைய ஆட்டங்களைத் தேடி நிரப்ப வேண்டியிருந்தது.

பருவம் முடிந்ததும் நோட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்துருண்டை வைத்து, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அப்பாவின் செக்ரோல்களில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. 1988 வட்டம் போட்ட பக்கம் தப்பித்தது.

அடுத்த நோட்டில் பெயர்களை எழுதும்போது மையால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். வீரர்கள் மாநிலம் மாறுவார்கள். விதர்பா கோப்பை எடுத்த 2017-18, 2018-19 பருவங்களில் அந்த அணியில் இருந்த ஆதித்ய சர்வாதே, 2025 ஃபைனலில் கேரளாவுக்காக விதர்பாவை எதிர்த்துப் பந்து வீசினார். தமிழ்நாட்டின் விஜய் சங்கர் 2025-ல் திரிபுராவுக்குப் போனார். என் பழைய பக்கத்தில் அவர் பெயரை அழித்த தடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் இப்போது பையன் வேறொரு பெயரை எழுதியிருக்கிறான், அவன் கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக.