பறைக்குழுவைப் படமெடுக்கும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

இறுதியாண்டு ஆவணப்படத்துக்காக ஊர்ப் பறைக்குழு ஒன்றைத் தேடிப் போனவன் நான். கேமராவைப் பற்றி மூன்று வாரம் யோசித்தேன், ஒலியைப் பற்றி பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன். எட்டுப் பறைகள் ஒன்றாக எழுந்த அந்த நிமிடம் முழுவதும் கரகரவென்று பதிவாகியிருந்தது. அப்படி உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் பழையபடி மீட்க முடியாது.

பேட்டிக்கு வைத்த அளவிலேயே ரெக்கார்டரை விட்டுவிட்டதுதான் நான் செய்த தவறு. ஒத்திகையில் கேட்கும் சத்தத்தையும் நம்பாதீர்கள், ஆட்டம் சூடு பிடித்ததும் அது எங்கேயோ போய்விடும். முழு வேகத்தில் ஒருமுறை அடிக்கச் சொல்லி, ரெக்கார்டரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி அளவை வையுங்கள். ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது அடி விழும்போது பறையை அமுக்கும், அடி ஓய்ந்ததும் தெரு இரைச்சலைத் தூக்கிவிடும்.

பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன் வைக்கோலையோ பழைய காகிதத்தையோ கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார்கள், மொத்தென்று கிடந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கணீரென்று ஆகும். அடிக்க அடிக்க அது மறுபடியும் தளரும். ஆகவே காய்ச்சிய கையோடு எடுத்த பதிவையும் அரை மணி நேரம் கழித்து எடுத்ததையும் ஒட்டினால், பார்வையாளருக்குக் காரணம் புரியாவிட்டாலும் காது உறுத்தும். ஓர் அடவை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஒலிப்பதிவாக எடுங்கள், காட்சிகளை அதன்மேல் வெட்டி வைக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, பறை நின்றதும் கேமராவை நிறுத்துவது. கூலி பேசுவது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருவர் முணுமுணுப்பது, இடது கையின் சிண்டுக்குச்சி ஒடிந்ததும் மூங்கிலைச் சீவி இன்னொன்று செய்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும். என் படத்தில் அடி மட்டும் இருபது நிமிடம் இருந்தது, ஆட்கள் இல்லை.

பேட்டியில் "பறை தமிழரின் ஆதி இசைதானே?" என்று கேட்டால், மேடையில் பலமுறை சொன்ன பதிலே வரும். ஒத்தையடி என்ற அடியிலிருந்து சாமிச்சாட்டு என்ற அடிக்கு எப்படி மாறுவீர்கள் என்று கேளுங்கள், கை பேசத் தொடங்கும். "இன்னும் ஏன் சாவுக்கு அடிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த குழுக்களும் உண்டு, அதில் வரும் கூலியை நம்பியிருப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பின்னால் இருப்பது சாதி. அதை அவர்களுக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை. துக்க வீட்டில் எடுப்பதானால் குழுவின் சம்மதம் போதாது, வீட்டாரிடமும் கேட்க வேண்டும்.

சம்மதத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் வந்த திருத்தம், நிகழ்த்துபவருக்கும் உரிமை தந்திருக்கிறது. கேமராவுக்காகவே அடிக்கச் சொன்னால் ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள், மாணவன் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். திருவிழா ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும்போது பேட்டி எடுக்காதீர்கள். யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும், நடுவில் வெட்டினால் பாட்டும் துண்டாகும். டியூப் லைட் மினுங்காமலிருக்க ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு வையுங்கள்.

சமர்ப்பிப்பதற்கு முன் குழுவுக்குப் போட்டுக் காட்டுங்கள். தூரத்துக் கேமராவின் மைக்கில் ஒலி தாமதமாகத்தான் சேரும், நொடிக்கு 25 பிரேம் என்றால் சுமார் பதினான்கு மீட்டருக்கு ஒரு பிரேம். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படத்தைப் பார்த்த மூத்த ஆட்டக்காரர் இரண்டாவது நிமிடத்திலேயே கையை உயர்த்தினார்: "தம்பி, குச்சி தோலை விட்டு எழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது. நான் அப்படியா அடிக்கிறேன்?"