குமரிமுனை விடியலை பைகேமில் வரையலாம்

பைத்தானில் லூப்பும் இஃப்பும் எழுதத் தெரிந்தால் போதும், பைகேம் என்ற விளையாட்டு நூலகத்தைக் கொண்டு ஒரே மாலையில் முக்கடல் முனையின் விடியலைத் திரையில் வரவழைத்துவிடலாம். ஆணைகளின் பெயர்களை இங்கே தமிழில் தருகிறோம். எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், எடிட்டரில் அல்ல, டெர்மினலில் 'பிப் இன்ஸ்டால் பைகேம்'. பக்கம் பக்கமாகப் பிழை கொட்டினால், பெரும்பாலும் உங்கள் பைத்தான் பதிப்பு மிகப் புதியதாக இருக்கும். சற்றுப் பழைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கோப்புக்கு பைகேம் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். வைத்தால், இம்போர்ட் செய்யும்போது பைத்தான் அந்தக் கோப்பைத்தான் எடுக்கும், நூலகத்தை அல்ல.

இனிட் கொடுத்து, செட்-மோட் ஆணையில் 800, 600 என்று சன்னலைத் திறக்கவும். இரண்டு எண்களுக்கும் சேர்த்துத் தனியாக இன்னொரு அடைப்புக்குறி வேண்டும். முதல் நாளில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்து ஆயங்கள். கணக்கு நோட்டில் ஒய் மேல்நோக்கி வளரும். திரையில் இடது மேல் மூலைதான் பூஜ்யம், ஒய் கீழ்நோக்கி வளரும். ஆக, சூரியன் உதிக்க ஒய் குறைய வேண்டும்.

வள்ளுவர் சிலையை அளவோடு வைப்போம். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அடிக்கு 2 பிக்சல் என்றால் பீடம் 76, சிலை 190. பாறையின் மேற்பரப்பு ஒய் 420இல் இருந்தால் பீடத்தின் உச்சி 344, சிலையின் உச்சி 154. செவ்வக ஆணை கேட்பது இடது, மேல், அகலம், உயரம். 'மேல்' என்ற இடத்தில் 420 கொடுத்தால் பீடம் கடலுக்குள் இறங்கிவிடும். இப்போதைக்கு இரண்டுமே வெறும் செவ்வகங்களாக இருக்கட்டும்.

வரையும் வரிசை முக்கியம்: வானம், சூரியன், ஒய் 400இலிருந்து கடல், பாறை, பீடம், சிலை. பின்னால் வரைவது முன்னால் வரைந்ததை மறைக்கும். ஆரம் 40 உள்ள சூரியனை ஒய் 440இல் தொடங்கினால் கடலுக்குப் பின்னே முழுதாக ஒளிந்திருக்கும். இதெல்லாம் ஒரு லூப்புக்குள் நடக்கும். அதன் ஒவ்வொரு சுற்றிலும் வானத்தை மறுபடி ஃபில் செய்யாவிட்டால் சூரியனின் சுவடுகள் கோடாக நீளும்.

சுற்றின் தொடக்கத்தில் ஈவென்ட்-கெட்டை அழைத்து, க்விட் (சன்னலை மூடச் சொல்லும் செய்தி) வந்ததா என்று பார்க்கவும். விட்டுவிட்டால் சன்னல் உறைந்துபோகும். கடைசியில், வரைந்ததைத் திரையில் காட்டும் ஃபிளிப், மறந்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

வேகத்தைக் கணினியின் தயவில் விடாதீர்கள். கிளாக்கின் டிக் ஆணைக்கு 60 கொடுங்கள். அது திருப்பித் தரும் மில்லிநொடியை 1000ஆல் வகுத்து, 20ஆல் பெருக்கி, ஒய்யிலிருந்து கழியுங்கள். நொடிக்கு 20 பிக்சல் வீதம் ஏறி, 4 நொடியில் முழு வட்டமும் வெளியே வரும்.

அந்த ஒய்யைத் தனி மாறியில் வையுங்கள், ரெக்டுக்குள் (பைகேம் இடத்தையும் அளவையும் வைத்துக்கொள்ளும் செவ்வகப் பொருள்) வேண்டாம். ரெக்ட் முழு எண்ணை மட்டுமே வைத்துக்கொண்டு தசமத்தை வெட்டிவிடும். 440இலிருந்து 0.33 கழித்தால் 439 ஆகிவிடும், சூரியன் மூன்று மடங்கு வேகத்தில் ஏறும். அதே 0.33ஐக் கூட்டினாலோ 440இலேயே நிற்கும். உதயம் பாய்ந்து வருகிறது, அஸ்தமனம் நகரவே இல்லை என்றால் காரணம் இதுதான்.