டிபி என்று எழுதும் முன் நோகார்டியாவையும் தேடிவிடுங்கள்

ஒரு நோயாளிக்குக் கிட்னி மாற்றி எட்டு மாதம் ஆகிறது. வைத்த கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், சிடி ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு மூன்று முடிச்சுகள், ஒன்று நடுவில் குழிவிழுந்திருக்கிறது. நம் ஊரில் இதைப் பார்த்ததும் கை தானாக டிபி மருந்தை எழுதப் போகும். கொஞ்சம் பொறுங்கள். மண்ணில் வாழும் நோகார்டியா என்ற பாக்டீரியாவும் நுரையீரலில் அச்சு அசலாக இப்படித்தான் தெரியும். டிபி என்று நினைத்து ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும், அப்புறம் நோயும் தீராமல் வைத்த கிட்னிக்கும் ஆபத்து வந்து நிற்கும்.

சளியை அனுப்புங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ப்ராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், முடிந்தால் முடிச்சிலிருந்தே பயாப்ஸி, இவைதான் கை கொடுக்கும். முதுகு, தொடை எல்லாம் துணி விலக்கிப் பாருங்கள். தோலில் ஒரு சின்னச் சீழ்க்கட்டி இருந்தால் அதைவிடச் சுலபமான மாதிரி கிடையாது.

லேப் சீட்டில் ‘உறுப்பு மாற்று நோயாளி, நோகார்டியா சந்தேகம்’ என்று கட்டாயம் எழுதுங்கள். முடிந்தால் போனும் போட்டுச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் தட்டை இரண்டு மூன்று நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள், இது முளைக்கச் சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணி கோத்த நூல் மாதிரி, கிளை கிளையாகப் பிரிந்து ஊதா நிறத்தில் தெரியும். டிபிக்கான ஜீல்-நீல்சன் சாய முறையில் 20 சதவீத கந்தக அமிலத்தால் கழுவினால் சாயம் போய்விடலாம். 1 சதவீத அமிலத்தில் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள், சிவப்பு நிற்கும். ஆகவே ‘ஏஎஃப்பி நெகட்டிவ்’ (அமிலத்தில் கழுவியும் சாயம் போகாத கிருமி இல்லை) என்று வந்த ரிப்போர்ட்டை வைத்து நோகார்டியா இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தொற்று வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவருக்கும் இது வரும். ஒரே ஆளுக்கு டிபியும் நோகார்டியாவும் சேர்ந்தும் வரலாம், அதனால் டிபிக்கான ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்டையும் விடாதீர்கள்.

நோகார்டியா உறுதியானால், தலைவலி இல்லாவிட்டாலும் மூளைக்கு எம்ஆர்ஐ எடுங்கள். சத்தமில்லாமல் அங்கே சீழ்க்கட்டி இருக்கலாம், அது இருந்தால் மருந்தும் மாறும், மாதக்கணக்கும் கூடும். எந்த இனம், எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதையும் லேபில் கேட்டு வாங்குங்கள். நோகார்டியாவில் ஃபார்சினிகா இனம் பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது.