மேலே குளிர், கீழே சூடு: றேடியேற்றரில் காற்று எடுப்பது

யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் சூடு தேவையில்லை. அதனால் மார்கழியில் லண்டனுக்குப் பிள்ளைகளிடம் போய் நிற்பவர்களுக்கு, யன்னலுக்குக் கீழே நிற்கும் அந்த இரும்புப் பெட்டி, அதாவது றேடியேற்றர், புதினமாக இருக்கும். பொய்லர் சூடாக்கும் தண்ணீரைப் பம்ப் அதற்குள்ளால் சுற்றவிடுகிறது, அவ்வளவுதான். கிணற்று மோட்டருக்குள் காற்றுப் புகுந்தால் தண்ணீர் ஏறாதல்லவா? இங்கேயும் அதே சில்லெடுப்புத்தான்.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். மேற்பக்கம் குளிர்ந்து கீழே சூடென்றால் உள்ளே காற்று. கீழே நடுப்பகுதி குளிர்ந்து கிடந்தால் அது துருச்சேறு. பிளம்பர் வந்து கழுவத்தான் வேண்டும்.

காற்றென்றால் ஹீற்றிங்கை நிற்பாட்டி, அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் கையில் அடிக்கும். மேல் மூலையில் சின்னச் சதுர முனை இருக்கும். அதற்கான திறப்பு, பெரும்பாலும் 5 மில்லிமீற்றர், ஹாட்வெயார் கடையில் மலிவாக வாங்கலாம். கீழே கோப்பை, பின்னால் பழஞ்சீலை பிடியுங்கள். வருவது கறுப்புத் தண்ணீர், காப்பெற்றில் பட்டால் கறை போகாது.

மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று. 'உஸ்' என்று காற்று வரும். தண்ணீர் சீராக வந்தவுடன் மூடுங்கள், இறுக்கி முறிக்காமல். அந்தச் சதுரமுனைத் திருகாணியை முழுதாகக் கழற்றவே கூடாது. அமுக்கத்தில் தண்ணீர் பீறிட்டால் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு. நெருப்பும் பக்கத்தில் வேண்டாம், துருப்பிடிக்கும்போது உள்ளே ஐதரசன் சேர்ந்திருக்கலாம். கீழ்மாடியை முடித்துவிட்டு மேலே போங்கள்.

பலர் மறப்பது இதற்குப் பிறகு. பொய்லரின் அமுக்கமானியைப் பாருங்கள்: ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) இருக்கவேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் குழாயின் வால்வுகளை மெதுவாகத் திறந்து, அளவு வந்ததும் கட்டாயம் மூடுங்கள். மறந்தால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீர் வெளியே ஓடும். கூரைக்குள் சின்னத் தாங்கி வைத்த பழைய வீடுகளில் இந்த வேலையில்லை, அது தானாக நிரம்பும்.

கிழமைக்கொருக்கால் காற்றுச் சேர்ந்தால், அல்லது அமுக்கம் இறங்கிக்கொண்டே போனால், கசிவைத் தேடுங்கள். புதுத் தண்ணீரோடு புது ஒட்சிசனும் போய்த் துருவைக் கூட்டும்.

றேடியேற்றரின் பக்கத்தில், அறைச் சூட்டை அறிந்து தண்ணீரை விடும் குமிழில் 1 முதல் 5 வரை எண்கள். 3 ஏறக்குறைய 20 பாகை. 5இல் வைத்தால் கெதியாகச் சூடேறாது, அறை அளவுக்கு மீறிச் சூடாகும்வரை ஓடும். குமிழை மறைத்தபடி ஈரச் சாறத்தைக் காயப்போட்டால், அறை சூடாகிவிட்டதென்று எண்ணி அது தண்ணீரை மறித்துவிடும்; நீங்கள் விறைத்தபடி இருக்கவேண்டியதுதான்.