போன்ல நமக்கு ரொம்ப பிடிச்ச வசதிகளும், அதுல நாமளே பண்ற தப்புகளும்

போன்ல உங்களுக்கு பிடிச்ச விஷயம் எதுன்னு யாரைக் கேட்டாலும் பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். சார்ஜ் நிக்கணும், போட்டோ பளிச்சுன்னு வரணும், விரல வச்சா டக்குன்னு தொறக்கணும், தண்ணி பட்டா பதறக் கூடாது. கம்பெனிக்காரங்க மேடை போட்டு என்ன புதுசா காட்டினாலும் தினசரி பொழப்புக்கு இதுதான் வேணும். காமெடி என்னன்னா இந்த வசதிகளத்தான் நாம நல்லா கெடுத்து வச்சிக்கறோம், அதுவும் பாதி விஷயத்துல பழைய பட்டன் போன் காலத்துல யாரோ சொன்னத இன்னும் கெட்டியா பிடிச்சிட்டு இருக்கறதால.

முதல்ல பேட்டரி. "முழுசா தீந்தப்புறம் சார்ஜ் போடு, அப்பதான் பேட்டரி நல்லா உழைக்கும்"னு இன்னும் சொல்றாங்க. அது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு சொன்னது. இப்ப இருக்கறது லித்தியம் அயன், இதுக்கு பாதில சார்ஜ் போட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, சொல்லப் போனா அடிக்கடி சுத்தமா தீர விடறதுதான் கெடுதல். சைக்கிள்னு ஒண்ணு சொல்றாங்களே, அதையும் நிறைய பேர் ஒவ்வொரு தடவ பின்னு சொருகறதும் ஒரு சைக்கிள்னு நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்ல. இன்னைக்கு 50 சதவீதம் செலவு பண்ணி சார்ஜ் போட்டு, நாளைக்கு இன்னொரு 50 செலவு பண்ணாதான் ஒரு சைக்கிள் கணக்கு. ஐபோன் 14 வரைக்கும் 500 சைக்கிளுக்கு அப்புறம் 80 சதவீத கொள்ளளவு மிஞ்சற மாதிரி டிசைன்னு ஆப்பிள் சொல்லுது, ஐபோன் 15-ல இருந்து அது 1000 சைக்கிள்.

நிஜமான எதிரி சூடு. சார்ஜ் போட்டுக்கிட்டே கேம் ஆடறது, தலகாணிக்கு அடியில போட்டு சார்ஜ் ஏத்தறது, வெயில்ல நிக்கற கார் டாஷ்போர்டுல போன வச்சிட்டு போறது, இதெல்லாம் பண்ணிட்டு "ரெண்டு வருஷத்துல பேட்டரி போச்சு, கம்பெனி சரியில்ல"ன்னா என்ன பண்றது. ராத்திரி முழுக்க சார்ஜ்ல விட்டா வெடிச்சிடும்னு பயப்படறவங்களும் இருக்காங்க, ஒழுங்கான சார்ஜர்னா ஃபுல் ஆனதும் போனே கட் பண்ணிக்கும், ஆனா மணிக்கணக்கா 100-லயே இருக்கறது பேட்டரிக்கு நல்லதில்ல. அதுக்குத்தான் செட்டிங்ஸ்ல 80-லயே நிறுத்தற ஆப்ஷனோ, நீங்க எழுந்திருக்கற நேரத்தப் பாத்து கடைசி கொஞ்சத்த ஏத்தற ஆப்ஷனோ இருக்கும், ஐபோன்ல இந்த ரெண்டாவது ஆப்ஷன் 2019-லயே வந்தாச்சு. அத ஒரு தடவ ஆன் பண்ணிட்டு மறந்துடுங்க. 20-க்கும் 80-க்கும் நடுவுலயே வச்சிருப்பேன்னு நாள் முழுக்க சதவீதத்தையே பாத்துட்டு உக்காராதீங்க, போன் நமக்காக இருக்கு, நாம அதுக்காக இல்ல.

இன்னொரு பழக்கம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ரீசன்ட் ஆப்ஸ் எல்லாத்தையும் தள்ளி விட்டு மூடறது. பண்ணும்போது என்னவோ வீடு கூட்டின மாதிரி நிம்மதியா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அங்க தெரியற ஆப்ல முக்காவாசி சும்மா ஃப்ரீஸ் ஆகி கெடக்கு, நீங்க மூடிட்டு திரும்ப தொறக்கும்போது முதல்ல இருந்து லோடு ஆகறதுக்குத்தான் கூட சார்ஜ் செலவாகும். ஒரு ஆப் மாட்டிக்கிச்சுன்னா மூடுங்க, மத்தபடி விட்டுடுங்க. டார்க் மோடும் இந்த மாதிரிதான், ஒவ்வொரு புள்ளியும் தானே எரியற ஓஎல்இடி ஸ்கிரீன்லதான் அது சார்ஜ மிச்சப்படுத்தும், எல்சிடில கருப்பு காட்டினாலும் பின்னாடி லைட் எரிஞ்சிட்டேதான் இருக்கும். அமெரிக்காவுல பர்டியூ யுனிவர்சிட்டில 2021-ல டெஸ்ட் பண்ணிப் பாத்தப்போ வீட்டுக்குள்ள வைக்கற மாதிரி 30-50 சதவீத பிரைட்னஸ்ல சராசரியா 3-ல இருந்து 9 சதவீதம்தான் மிச்சம், பிரைட்னஸ் முழுசா ஏத்தி வச்சாதான் 40 சதவீதம் பக்கம் போச்சு. கண்ணுக்கு இதமா இருக்குன்னா வச்சிக்கோங்க, சார்ஜுக்காகன்னா பிரைட்னஸ கொறைக்கறதுதான் வேலை செய்யும்.

அடுத்து கேமரா. 200 மெகாபிக்சல்னு பாத்து வாங்கறோம், ஆனா அது சாதாரணமா எடுக்கற படம் 12 மெகாபிக்சல் சொச்சம்தான், ஏன்னா 16 குட்டி பிக்சல சேத்து ஒரு பெரிய பிக்சலா மாத்திக்கும், வெளிச்சம் கம்மியா இருக்கற இடத்துல படம் நல்லா வரணும்னுதான் அப்படி. அதனால நம்பர மட்டும் வச்சி ரெண்டு போன ஒப்பிடறது வேஸ்ட். நம்பர விடுங்க, லென்ஸ தொடைக்கறீங்களா? ராத்திரி எடுத்த போட்டோவ பாருங்க, தெரு லைட்ட சுத்தி புகை மாதிரி ஒரு வட்டம், முகமெல்லாம் பால் ஊத்தின மாதிரி மங்கல். உடனே "இந்த போன்ல நைட் போட்டோ வராது"ன்னு தீர்ப்பு. போன திருப்பி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா லென்ஸ் மேல விரல் ரேகை எண்ணெய் பிசுக்கோட அப்படியே பதிஞ்சிருக்கும். கண்ணாடி தொடைக்கற துணியால ஒரு தடவ தொடைச்சா போதும். நைட் மோடு போட்டா திரையில விநாடி எண்ணும், அது முடியற வரைக்கும் கைய ஆட்டாதீங்க, நிறைய பேர் கிளிக் பண்ண உடனே போன இறக்கிடறாங்க. ஜூம் பண்றதும் அப்படித்தான், தனி ஜூம் லென்ஸ் இல்லாத போன்ல ரெண்டு விரலால இழுக்கறது படத்த வெட்டி பெருசாக்கறதுதான், முடிஞ்சா நாலு அடி முன்னாடி போய் எடுங்க.

அவ்ளோ அழகா எடுத்துட்டு வாட்ஸ்அப்ல அனுப்பும்போது சும்மா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும். கல்யாண ஆல்பத்துக்கு வேணும், பிரிண்ட் போடணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க, ஹெச்டி ஆப்ஷன்ல கூட கொஞ்சம் சுருங்கும்.

இதெல்லாம் கூட சின்ன நஷ்டம். போட்டோ பேக்கப்புல பண்ற தப்புதான் அழ வைக்கும். பேக்கப் ஆன்ல இருக்கு, ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு போன் கத்துது, "அதான் கிளவுட்ல இருக்கே"ன்னு கூகுள் போட்டோஸ் ஆப்க்குள்ள போய் மாசக்கணக்குல செலக்ட் பண்ணி டெலீட் அடிப்பாங்க. அங்கயே டெலீட் பண்ணா போன்லயும் போகும், கிளவுட்லயும் போகும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது. பேக்கப் ஆன படம் 60 நாள் ட்ராஷ்ல கெடக்கும், அதுக்குள்ள தெரிஞ்சா மீட்கலாம், அப்புறம் யாரைப் பாத்தும் பிரயோஜனமில்ல. ஆப்பிளோட ஐகிளவுட் போட்டோஸும் இதே கதைதான், அங்க 30 நாள். போன்ல மட்டும் இடம் காலி பண்ண கூகுள் போட்டோஸ்ல "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஏற்கனவே மேல ஏறின படத்த மட்டும் போன்ல இருந்து எடுக்கும், அதத்தான் தொடணும்.

இதுல இன்னொரு குழி, ஆண்ட்ராய்டுல தானா பேக்கப் ஆகறது கேமரா ஃபோல்டர். வாட்ஸ்அப்ல வந்த படம், ஸ்கிரீன்ஷாட் இதுக்கெல்லாம் அந்தந்த ஃபோல்டர நீங்களே ஆன் பண்ணணும். அப்புறம் இலவச இடம் கூகுள்ல 15 ஜிபி, மெயில் டிரைவ் எல்லாம் சேத்து, ஐகிளவுட்ல 5 ஜிபி. அது நிரம்பினா பேக்கப் நின்னுடும், போன் ஒரு நோட்டிஃபிகேஷன் போடும், நாம அத தள்ளி விட்டுடுவோம். கடைசியா பேக்கப் ஆன தேதி என்னன்னு இப்பவே ஒரு தடவ பாத்துடுங்க.

விரல் ரேகை லாக் "சில நேரம் எடுக்க மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் செட் பண்ணும்போது விரல நேரா மட்டும் வச்சவங்க. நிஜத்துல எப்படி பிடிப்பீங்களோ அப்படி, சாய்ச்சு, நுனிய வச்சு, கட்டைவிரல் ஓரத்த வச்சு பதிய வைங்க, ஒரே விரல ரெண்டு தடவ பதிஞ்சாலும் தப்பில்ல. ஸ்கிரீனுக்கு அடியில சென்சார் இருக்கற போனுக்கு கண்டதையும் ஒட்டாதீங்க. 2019-ல சாம்சங் கேலக்ஸி எஸ்10-ல ஸ்கிரீன் மேல ஒரு சிலிக்கான் கவர் போட்டா வேற யாரோட விரலுக்கும் தொறந்து, அப்புறம் சாஃப்ட்வேர் அப்டேட் விட்டுத்தான் சரி பண்ணாங்க. வெறும் முன் கேமராவ மட்டும் வச்சி முகம் பாத்து தொறக்கற போன்னா பேங்க் ஆப் இருக்கற இடத்துல அத நம்பாதீங்க, சிலத போட்டோவ காட்டியே ஏமாத்தலாம்.

தண்ணி விஷயம் சுருக்கமா. போன் தூசி, தண்ணி தாங்கும்னு போடற ஐபி68 ரேட்டிங்னா நல்ல தண்ணில, ஆடாம அசையாம, கம்பெனி சொன்ன ஆழத்துல, சொன்ன நேரத்துக்கு டெஸ்ட் பண்ணது. கடல், நீச்சல் குளம், சோப்புத் தண்ணி அந்தக் கணக்குல வராது. போன் பழசாக பழசாக உள்ள இருக்கற சீலும் தளரும், தண்ணி போனா வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. நனஞ்சா ஈரத்தோட சார்ஜ் சொருகாதீங்க, அரிசில புதைக்காதீங்க, அரிசித் துகள் உள்ள போய் கெடுக்கும்னு ஆப்பிளே சொல்லிடுச்சு. போர்ட்ட கீழ பாத்து மெதுவா தட்டி, காத்தோட்டமா வச்சா போதும்.

தூங்கும்போது கால், மெசேஜ் சத்தத்த அடக்கற டூ நாட் டிஸ்டர்ப் போடாம இருக்கறவங்க சொல்ற காரணம், "அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டா?" அதுக்கும் வழி இருக்கு. ரிப்பீட் காலர்னு ஒரு ஆப்ஷன், அதே ஆள் திரும்ப கூப்பிட்டா ரிங் அடிக்கும், ஐபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள, ஆண்ட்ராய்டுல 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது கால் வரணும். வீட்டாளுங்ககிட்ட இத சொல்லி வைக்கணும், இல்லன்னா ஒரு தடவ அடிச்சிட்டு விட்டுடுவாங்க. லாக் ஸ்கிரீன்லயே மெசேஜ் முழுசா தெரியற செட்டிங்கையும் மாத்துங்க, போன் லாக்ல இருந்தாலும் ஓடிபி பல்லிளிச்சிட்டு வெளிய நிக்கும்.

தொலஞ்ச போன தேடற வசதி தொலையறதுக்கு முன்னாடியே ஆன்ல இருக்கணும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, இன்னொருத்தர் போன்ல இருந்து உங்க கூகுள் அக்கவுண்ட்ல நுழையும்போது அது கேக்கற கோட் தொலஞ்ச போனுக்கே போய் சேரும்ங்கறது. அதனால அந்த கோடுக்கு பதிலா போடறதுக்கு கூகுள் தர்ற பேக்கப் கோட இப்பவே எடுத்து பேப்பர்ல எழுதுங்க, கூடவே *#06# அடிச்சா வர்ற, போனோட தனி அடையாளமான ஐஎம்இஐ நம்பரையும், புகார் கொடுக்கும்போது கேப்பாங்க. தயவுசெஞ்சு போன் நோட்ஸ்ல சேவ் பண்ணாதீங்க.