குற்றத் தொடரில் ஓட்டை பிடிப்பது எப்படி: புதியவர்களுக்கு

கதை தன்னோடோ நிஜத்தோடோ பொருந்தாமல் உடையும் இடம்தான் ஓட்டை. பயிற்சிக்கு ஒரு கற்பனை அத்தியாயம். இரவு 8.00 மணிக்கு வில்லன் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில் நிற்கிறான். 8.30க்கு இரணைமடுக் குளக்கட்டில் கொலை செய்கிறான். 9.00 மணிக்கு மீண்டும் கலியாணப் பந்தியில் சோறு. மறுநாள் கைது, பொலிஸ் நிலையத்தில் அழுதபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், வழக்கு முடிந்தது.

படி 1. முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை கொப்பி எடுத்து, காட்சிக்குக் காட்சி மணியையும் இடத்தையும் எழுதுங்கள். வவுனியாவிலிருந்து இரணைமடு ஏ9 வீதியில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மாடுகள் குறுக்கே படுத்திருக்கும் அந்த வீதியில், இரவில், மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் போய் வந்தானாம்!

படி 2. சொல்லாமல் விட்டதையும் முரணையும் பிரித்தறியுங்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கத்தி எங்கே வாங்கினான் என்று காட்டவில்லையா? அது ஓட்டையல்ல, எங்கும் வாங்கியிருக்கலாம். ஒன்று உண்மையானால் மற்றது நடந்திருக்கவே முடியாது என்ற நிலையில் இரண்டு காட்சிகள் நின்றால்தான் ஓட்டை.

படி 3. கதை நடக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். இலங்கையில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவுப்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேக நபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் கொடுத்த ஒப்புதலை ஏற்க வழிவிட்டது. வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நம் கதையோ சாதாரணக் கொலை வழக்கு. அழுகை நன்றாக நடிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் வழக்கு அதனால் முடியாது.

படி 4. வில்லனைப் பற்றி மூன்று வரிகள்: அவனுக்கு என்ன வேண்டும்? என்ன தெரியும்? எப்படித் தெரிந்தது? மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் அங்கேயே கதையும் ஓட்டையாக இருக்கும். விசாரணை அதிகாரியின் அடுத்த நகர்வு வில்லனுக்கு முன்கூட்டியே தெரிகிறது, தகவல் கொடுத்தவர் எவருமில்லை என்றால், அவன் கெட்டிக்காரன் அல்லன். எழுத்தாளர் அவன் காதில் ஓதியிருக்கிறார். பொலிஸார் கண்காணிப்புக் கமெராவைப் பார்க்க மறந்ததால் தப்புகிறவனும் அப்படித்தான்.

தழும்பு, நொண்டல் நடை, கறுத்த முகம் ஆகியவற்றைக் காட்டி 'இவன்தான் கெட்டவன்' என்று சொல்லும் தொடர்கள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. போரில் கால் இழந்தவர்கள் கடை நடத்தி, வயல் செய்து வாழும் ஊர்களில் இருந்து அதைப் பார்க்கிறோம். தீமை அவன் எடுக்கும் முடிவில் தெரிய வேண்டும்.

படி 5. ஒவ்வோர் ஓட்டையையும் ஒரு வரியில் அடைத்துப் பாருங்கள். கொலையை வவுனியாவுக்குக் கிட்டவுள்ள ஓமந்தைப் பக்கம் மாற்றினால் நேரக் கணக்குச் சரியாகிவிடும். ஆகவே அது சிறு ஓட்டை. ஒப்புதலை எடுத்துவிட்டால் வேறு சாட்சி, வேறு தடயம், வேறு முடிவு எழுத வேண்டும். ஆகவே அதுதான் பெரிய ஓட்டை. உங்கள் விமர்சனத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.